புத்தகம் அச்சடிக்க வாங்கிய கணினி: இண்டெக்ஸ் மெடிக்கஸ் பப்மெட் ஆன கதை

2004 டிசம்பர் இதழோடு இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற மருத்துவக் கட்டுரை அடைவு அச்சில் வருவது நின்றது. 1879இல் தொடங்கி, நடுவில் கைமாறி, பெயர் மாறி, சில வருஷம் நின்றேபோய், மறுபடி எழுந்து ஓடிய ஒன்று. நின்றபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வேண்டிய ஆட்கள் அதன் இணைய வாரிசான பப்மெட்டில் தேடப் பழகி அதற்குள் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

மருத்துவப் பதிப்பு தாளை விட்டுத் திரைக்குப் போனதைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக இதழ்களைத்தான் சொல்வார்கள். பிஎம்ஜே 1995இல் இணையத்துக்கு வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை வந்தன, சந்தா என்ன ஆயிற்று, விளம்பரம் என்ன ஆயிற்று என்று போகும். நான் இங்கே எடுத்துக்கொள்வது இதழ்களை அல்ல. எந்தக் கட்டுரை எந்த இதழில் எத்தனாவது பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அந்த அடைவை எடுத்துக்கொள்கிறேன். மாற்றம் தொடங்கியதிலிருந்து முடிந்ததுவரை முழுசாகப் பார்க்கக் கிடைப்பது இங்கேதான். இன்னொரு காரணமும் உண்டு. கணினி வந்தது, புத்தகம் போனது என்று நாம் சொல்லிப் பழகிய கதை இங்கே பொருந்தாது. புத்தகத்தைச் சீக்கிரம் அச்சடிக்கத்தான் இவர்கள் கணினியையே வாங்கினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் தேடல் அந்த அச்சு வேலையில் கிடைத்த உபரி.

தாள் காலம்

ஜான் ஷா பில்லிங்ஸ் அமெரிக்க ராணுவ மருத்துவர். உள்நாட்டுப் போரில் அறுவை சிகிச்சை செய்தவர், பிறகு வாஷிங்டனில் ராணுவத்தின் தலைமை மருத்துவர் அலுவலக நூலகத்தைக் கையில் எடுத்து அதை நாட்டின் மிகப் பெரிய மருத்துவ நூலகமாக வளர்த்தார். அவரும் ராபர்ட் ஃபிளெட்சரும் சேர்ந்து 1879இல் இண்டெக்ஸ் மெடிக்கஸைத் தொடங்கினார்கள். மாதம் ஒரு இதழ், உலகத்தில் வந்த புதிய மருத்துவக் கட்டுரைகளும் நூல்களும் பொருள்வாரியாக. காசு கட்டுப்படியாகவில்லை. 1899இல் நின்றது, 1903இல் கார்னகி நிறுவனத்தின் பணத்தில் மறுபடி வந்தது, 1927இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அடைவோடு இணைக்கப்பட்டது, 1960இல் அதே பழைய பெயரில் தேசிய மருத்துவ நூலகம் அதை மீண்டும் தன் கைக்குக் கொண்டுவந்தது. ராணுவ நூலகமாக இருந்ததுதான் 1956இல் சட்டம் போட்டு தேசிய மருத்துவ நூலகமாக ஆனது; 1962இல் பெதஸ்டாவுக்குக் குடிபோனது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இயந்திரத்தால் எண்ணலாமே என்ற யோசனையை ஹெர்மன் ஹோலரித்துக்குச் சொன்னது இதே பில்லிங்ஸ்தான். ஹோலரித் துளை அட்டை இயந்திரம் செய்தார், 1890 கணக்கெடுப்பு அதில் நடந்தது, அவர் கம்பெனி பிறகு ஐபிஎம் ஆன கூட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. ஆக அடைவைத் தொடங்கியவரும் அதை விழுங்கிய இயந்திரத்துக்குப் பொறி தட்டியவரும் ஒரே ஆள். எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல், கட்டுரைக்குத் தேவையா என்றால் அவ்வளவாக இல்லை.

அச்சு அடைவில் தேடுவது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் புரிவதில்லை. ஒரு உதாரணம். 1985இல் ஒரு முதுநிலை மாணவர் கர்ப்ப காலத்தில் காசநோய்க்கு மருந்து கொடுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நேராக ‘டியூபர்குலோசிஸ்’ என்று பிரித்தால் பக்கம் பக்கமாகக் காசநோய் வரும், அதில் கர்ப்பம் எங்கே இருக்கிறது என்று கண்ணால்தான் துழாவ வேண்டும். விஷயம் தெரிந்தவர் ‘பிரெக்னன்ஸி காம்ப்ளிகேஷன்ஸ், இன்ஃபெக்‌ஷியஸ்’ என்ற தலைப்புக்குப் போவார், அதற்குள் ‘ட்ரக் தெரபி’ என்ற துணைத்தலைப்பு, அதற்குள் நெருக்கமான சின்ன எழுத்தில் வரிசையாகக் கட்டுரைகள். தலைப்பு, எழுதியவர், சுருக்கிய இதழ்ப் பெயர், தொகுதி, பக்கம். அவ்வளவுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. பிடித்ததைச் சீட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வருஷத்துத் தொகுதியை இறக்கி மறுபடி அதே தலைப்பு, அதே துணைத்தலைப்பு. ஆண்டுத் தொகுப்பு ஒரு வருஷத்துக்கே பத்துக்கு மேல் தடித்த புத்தகங்களாக வந்த காலம் அது. நடப்பு வருஷத்துக்கு ஆண்டுத் தொகுப்பு வந்திருக்காது, மாத இதழ்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடைசியில் சீட்டை எடுத்துக்கொண்டு இதழ்கள் இருக்கும் அலமாரிக்குப் போனால், வேண்டிய தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கும்.

இதில் முக்கியமான சங்கடம் நேரம் அல்ல. தாளில் ஒரு சமயத்தில் ஒரு தலைப்பின் கீழ்தான் தேட முடியும். காசநோய் ஒரு பட்டியல், கர்ப்பம் ஒரு பட்டியல், இரண்டும் சேர்ந்தது எது என்று கேட்க அச்சில் வழியே இல்லை. அந்தச் சேர்க்கைக்கென்று யாராவது முன்கூட்டியே ஒரு தலைப்பு வைத்திருந்தால் உண்டு.

மெட்லார்ஸ் எதற்கு வந்தது

ஐம்பதுகளில் கட்டுரைகள் பெருகிவிட்டன. அடைவு தயாராகி அச்சுக்குப் போவதற்குள் அடுத்த மாதம் வந்து நின்றது. நூலகத்தின் இயக்குநர் ஃபிராங்க் ராஜர்ஸ் இயந்திரப் பிரியர். 1960இல் புதிதாக வந்த இண்டெக்ஸ் மெடிக்கஸே துளை அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு அட்டையிலும் தட்டச்சான வரியை ‘லிஸ்டோமேட்டிக்’ என்ற கேமராவால் வேகமாகப் படமெடுத்துப் பக்கமாக்கும் முறையில்தான் வந்தது. அது போதவில்லை என்று ஆனபோது 1961இல் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஹனிவெல் 800 கணினி, காந்த நாடாக்கள். பெயர் மெட்லார்ஸ். 1964 தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது.

மெட்லார்ஸின் நோக்கங்கள் என்று அவர்கள் எழுதிவைத்ததில் முதலில் இருப்பது இண்டெக்ஸ் மெடிக்கஸைப் பெரிதாக்குவதும் சீக்கிரம் ஆக்குவதும். மாத இதழ் அச்சுக்குத் தயாராக 22 வேலை நாள் ஆவதை 5 நாளாகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. மருத்துவர் கேட்டால் அவருக்கென்று நாடாவில் தேடித் தருவது அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஆனால் அச்சில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய கணினி அச்சுப்பொறி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், கரடுமுரடாக அடிக்கும். அதை மருத்துவர் முன்னால் வைக்க முடியாது. அதனால் ஃபோட்டான் என்ற கம்பெனியைக் கொண்டு கணினி நாடாவிலிருந்து நேராக ஃபிலிமில் எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றைத் தனியாகச் செய்யவைத்தார்கள், பெயர் கிரேஸ். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, தடித்த எழுத்து எல்லாம் அதில் வந்தன. 1964லேயே இண்டெக்ஸ் மெடிக்கஸ் கிரேஸில் கோத்து வெளிவந்தது. இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் மருத்துவ இதழ்களைக் கணினியில் கோத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது கிட்டத்தட்ட தொழிலின் பிறந்த நாள் மாதிரி. நம் தொழிலில் இதை யாரும் கொண்டாடிப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

சரி, அந்த ‘அப்புறம்’ என்னவாயிற்று? மருத்துவர் தன் கேள்வியைப் படிவத்தில் எழுதி அனுப்புவார். பயிற்சி பெற்ற ஒருவர் அதைத் தலைப்புகளாக உடைத்து ‘இதுவும் அதுவும் சேர்ந்தது, இன்னது இல்லாதது’ என்று கணினிக்கு எழுதுவார். பல கேள்விகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் நாடாவை ஓட்டுவார்கள். பதில் தபாலில் போகும். வாரக்கணக்கில் ஆகும், விடை சரியில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் இதை உட்கார்ந்து அளந்து 1968இல் அறிக்கை கொடுத்தார். கிடைக்க வேண்டிய கட்டுரைகளில் சராசரியாக 58 சதவீதம் அளவுக்குத்தான் பிடிபட்டன. பிடிபட்டவற்றில் பாதிதான் கேள்விக்குப் பொருத்தமாக இருந்தன. தோல்விக்கு இயந்திரம் காரணமில்லை. கேட்டவர் கேட்டது ஒன்று, படிவத்தில் போனது ஒன்று, தேடல் எழுதியவர் புரிந்துகொண்டது இன்னொன்று. இந்த அறிக்கையை இப்போது படித்தாலும் உறைக்கும், ஏனென்றால் தன் காசில் தன் இயந்திரத்தை இவ்வளவு நேர்மையாக அளந்து ‘பாதிதான் தேறுது’ என்று வெளியே சொன்ன பதிப்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1970இல் நூறு முக்கிய இதழ்களை மட்டும் வைத்து, டெலிடைப் வழியாகத் தொலைவிலிருந்தே தேடும் சோதனை ஒன்று நடந்தது. 1971 அக்டோபரில் அது மெட்லைன் ஆனது. இதற்குத் தபால் வேண்டாம், கேட்டதும் பதில் வரும், சரியில்லை என்றால் அங்கேயே மாற்றிக் கேட்கலாம். உபரியாகத் தொடங்கிய தேடல் முதன்மை வேலை ஆனது அந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. திரையைவிட இந்த உடனடித் திருத்தம்தான் பெரிய விஷயம்.

ஆனால் மருத்துவர் கையில் அது இல்லை. கட்டளைகளைப் பழகிய நூலகர் வேண்டும், இணைப்பில் இருக்கும் நேரத்துக்குக் காசு ஓடும், அதனால் நூலகர் கேள்வியைத் தாளில் முழுசாக எழுதி வைத்துக்கொண்டுதான் இணைப்பையே எடுப்பார். 1975இலிருந்து கட்டுரைச் சுருக்கமும் சேர்ந்து வரத் தொடங்கியது. 1986இல் வீட்டுக் கணினியிலிருந்தே மருத்துவர் தேட ‘கிரேட்ஃபுல் மெட்’ என்ற மென்பொருள் வந்தது. நம் பக்கம் அதே வருஷம் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) என்ஐசியும் (தேசியத் தகவலியல் மையம்) சேர்ந்து டெல்லியில் ஒரு மையம் வைத்து, கேட்பவர்களுக்கு மெட்லைனில் தேடிக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர் மருத்துவக் கல்லூரி நூலகங்களுக்கு மெட்லைன் வந்தது பெரும்பாலும் சிடியில். ஒரு கணினி, ஒரு சிடி டிரைவ், வெளியே வரிசை.

1996இல் சோதனையாக வந்த பப்மெட்டை 1997 ஜூன் 26 அன்று துணை அதிபர் அல் கோர் தேடிக் காட்டி, இனி எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அச்சு இதழ் ஏழரை வருஷம் ஓடியதே ஆச்சரியம். ஆண்டுத் தொகுப்பு 2000த்தோடு நின்றது, மாத இதழ் 2004 கடைசியில்.

தாளின் தழும்புகள்

பப்மெட்டில் ஏதாவது ஒரு பழைய மெட்லைன் பதிவைத் திறந்து கீழே போங்கள். ‘மெஷ்’ தலைப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும்; நூலகம் வகுத்து வைத்திருக்கும் நிலையான பொருள் தலைப்புகள் அவை. அதில் சிலவற்றின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கட்டுரையின் முக்கியப் பொருள் இது என்று அர்த்தம், தேடலில் அதை மட்டும் கேட்கவும் வசதி உண்டு. அந்த நட்சத்திரம் எதற்கு வந்தது தெரியுமா? இண்டெக்ஸர் ஒரு கட்டுரைக்குப் பத்து தலைப்பு கொடுப்பார். பத்தின் கீழும் அச்சடித்தால் புத்தகம் வீங்கிவிடும். ஆகவே இரண்டு மூன்றின் கீழ் மட்டும் அச்சடி, மீதி நாடாவில் கிடக்கட்டும் என்று கோக்கும் இயந்திரத்துக்குச் சொல்லும் குறி அது. அச்சு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, குறி அப்படியே இருக்கிறது, அதை வைத்து இன்றும் தீவிரமான ஆய்வுத் தேடல்கள் எழுதப்படுகின்றன.

தலைப்புகளின் வரிசையையும் பாருங்கள். ‘ஆர்த்ரைட்டிஸ், ருமட்டாய்டு’. ‘டயபெட்டிஸ் மெலிட்டஸ், டைப் 2’. எந்த மருத்துவரும் இப்படிப் பேச மாட்டார். அகர வரிசையில் அச்சடிக்கும்போது மூட்டுவாத வகைகள் எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்பதற்காகத் திருப்பிப் போட்டது. திரைக்கு அது தேவையே இல்லை.

1984 முதல் 1995 வரையான பதிவுகளில் பத்து ஆசிரியர்களுக்கு மேல் பெயர் சேர்க்கவில்லை, 1996 முதல் 1999 வரை இருபத்தைந்து. பெரிய மருந்து ஆய்வுகளில் பதினோராவதாக நின்றவர் பாவம், தன் பெயரைத் தேடினால் தன் கட்டுரையே வராது. கட்டுரைச் சுருக்கங்கள் சிலவற்றின் முடிவில் ‘250 சொல்லில் வெட்டப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி வரும். பல சமயம் வெட்டுப்படுவது முடிவு சொல்லும் வாக்கியம். எண்பதுகளின் இட நெருக்கடி இன்னும் நம் திரையில் கிடக்கிறது.

என் வேலையில் இந்தத் தழும்பு தினமும் தட்டுப்படும். மருத்துவ இதழ்கள் பலவற்றின் ஆசிரியர் குறிப்புகளில் ‘இதழ்ப் பெயர்களை இண்டெக்ஸ் மெடிக்கஸ் முறைப்படி சுருக்கவும்’ என்று இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த காப்பி எடிட்டர் ‘அந்தப் புக் எங்க சார் கிடைக்கும்?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எதிர்ப்புறமும் பார்க்க வேண்டும். நீங்கள் பப்மெட்டில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று அடித்தால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பிட்ட கட்டுரைகளும் வருகின்றன. ஒரே பொருளுக்கு ஒரே தலைப்பு என்ற கறார் 1960இல் அச்சுக்காக உருவாக்கிய மெஷ் பட்டியலில் இருந்து வந்தது. தாளுக்காக வைத்த கட்டுப்பாடுதான் திரையில் தேடலை உருப்படியாக்கியது. முதலிலேயே டிஜிட்டலாகத் தொடங்கியிருந்தால் இவ்வளவு பொறுமையாக யாரும் தலைப்பு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1966 என்ற கோடு

இனி கசப்பான பகுதி. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு. நோயில்லாத தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுக்கக் கொடுத்தார்கள். ஐம்பதுகளில் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து அது. மருந்து இழுத்த ஒரு பெண், வயது 24, அங்கேயே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டு ஜூன் 2 அன்று இறந்துபோனார். ஜூலையில் அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் தன் பணத்தில் நடந்த மனித ஆய்வுகளை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவைத்தது.

விசாரணையில் வெளிவந்தவற்றில் ஒன்று தேடல். ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார், பாடநூல்களையும் பார்த்திருந்தார். பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னால் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுத்ததைப் பற்றி ஐம்பதுகளில் எழுதியிருந்தார்கள். அச்சு அடைவுகள் நூலகத்தில் இருந்தன. நூலகரிடம் கேட்டிருந்தால் அலமாரியைக் காட்டியிருப்பார்.

தேடல் ஒன்றுதான் காரணம் என்று இந்தச் சாவைச் சுருக்கிவிடக் கூடாது. சம்மதப் படிவத்தில் மருந்தைப் பற்றிச் சொல்லியிருந்த விதம், அனுமதிக் குழு கேட்காமல் விட்ட கேள்விகள் என்று நிறைய இருந்தன. ஆனாலும் நம் விஷயத்துக்கு இதுதான் நடுமையம். அச்சிலிருந்து டிஜிட்டலுக்கு மாறும்போது எல்லாம் மாறிவிடவில்லை, ஒரு தேதிக்குப் பிறகு உள்ளது மட்டும் மாறியது. அந்தத் தேதியை யாரும் மருத்துவக் காரணம் பார்த்து வைக்கவில்லை, நாடாவில் தரவு எப்போதிலிருந்து ஒழுங்காகக் கிடைத்ததோ அதுவே கோடாகிவிட்டது. தாளில் தேடியவருக்குத் தான் எந்த வருஷம்வரை பார்த்தோம் என்று தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு வருஷத்தையும் தன் கையால் இறக்கி வைத்தவர் அவர். திரை ‘முடிவுகள் இவ்வளவு’ என்று சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்லாது.

நம்மூர் ஆய்வு ஒன்றே கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாமா என்று சென்னையில் நடந்த ஒப்பீடு. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் ஏறத்தாழ நூறு பக்கத்துக்கு வந்தது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள் என்று காட்டி, உலகம் பூராவும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றிய கட்டுரை அது. 1966க்கு முன் எதுவும் இல்லாத பெட்டியில் இதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பிறகு பழைய அச்சு அடைவுகளை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கித் தரவாக்கினார்கள். இப்போது பப்மெட்டில் 1946வரை ஓரளவு ஒழுங்காகப் போகலாம், அங்கங்கே அதற்கு முந்தியதும் உண்டு. பழைய இதழ்களையே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பப்மெட் சென்ட்ரலில் ஏற்றினார்கள், அது 2000இல் தொடங்கிய முழுக்கட்டுரைக் களஞ்சியம். ஆனால் பழைய பதிவுகளில் சுருக்கம் இருக்காது. தலைப்பில் உங்கள் சொல் இல்லையென்றால், கொடுத்திருக்கும் மெஷ் தலைப்பும் பொருந்தவில்லையென்றால், அவை பெட்டிக்குள்ளேயே தொலைந்து கிடக்கும்.

எங்கள் பங்கு

2003இல் பப்மெட்டை நடத்தும் பிரிவு இதழ்க் கட்டுரைகளுக்கென்று ஒரு எக்ஸ்எம்எல் வடிவத்தை, அதாவது தலைப்பு எது, ஆசிரியர் யார், அட்டவணை எது என்று ஒவ்வொன்றுக்கும் கணினிக்குப் புரியும் குறி (டேக்) போட்டுவைக்கும் முறையை, வெளியிட்டது. 2012இல் அது ஜாட்ஸ் என்ற பெயரில் அமெரிக்கத் தரமானது. இந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் மாதச் சம்பளம் வாங்குவது இதை வைத்துத்தான். ஒரு அமெரிக்க இதழின் கட்டுரை வேர்ட் கோப்பாக வருகிறது. காப்பி எடிட்டிங், டேகிங், அதிலிருந்து பக்கம் கோத்து பிடிஎஃப், அதே எக்ஸ்எம்எல்லிலிருந்து இணையப் பக்கம், அதே எக்ஸ்எம்எல் பப்மெட் சென்ட்ரலுக்கு. முன்பு பக்கம் முடிந்த பிறகுதான் எக்ஸ்எம்எல், அதுவும் கடைசி நாள் ராத்திரி. இப்போது எக்ஸ்எம்எல்தான் மூலம், பிடிஎஃப் அதில் கழன்று வரும் ஒரு உருப்படி. 1964இல் தேடல் உபரியாக இருந்ததுபோல இன்று அச்சுப் பக்கம் உபரி. ஆனாலும் ப்ரூஃப் வந்ததும் ஆசிரியர்கள் பார்ப்பது பிடிஎஃப்பில் வரி எங்கே முறிகிறது என்பதைத்தான். இணையப் பக்கத்தில் அட்டவணை உடைந்து கிடந்தாலும் ஒருவர் சொல்ல மாட்டார்.

இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு பட்ஜெட் தகராறில் முடங்கியபோது பப்மெட் பக்கத்தின் மேல் ஒரு அறிவிப்பு நின்றது: பணம் ஒதுக்காததால் குறைந்த ஆட்களோடு நடக்கிறது என்று. அச்சு இதழ் ஆயிரம் நூலகங்களில் ஆயிரம் பிரதியாக இருந்தது, எந்த நாட்டு பட்ஜெட்டும் அதை ஒன்றும் செய்திருக்க முடியாது. பல நூலகங்கள் அந்த வரிசையை இடமில்லை என்று எடைக்குப் போட்டுவிட்டன. இடமும் உண்மையிலேயே இல்லை.

கடைசியாக நடந்த மாற்றம்தான் யார் கண்ணிலும் படவில்லை. 2022 ஏப்ரலில் மெட்லைனின் இண்டெக்ஸிங் முழுக்கத் தானியங்கி ஆனது. மனிதர்கள் இப்போது சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கிறார்கள், கட்டுரைக்குத் தலைப்பு கொடுப்பது நிரல். முன்பு இண்டெக்ஸர் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே முறைகள் பகுதிவரை புரட்டிப் பார்த்துத் தலைப்பு கொடுத்தார். நிரல் பார்ப்பது தலைப்பையும் சுருக்கத்தையும். வேகம் பிரமாதம், மாதக்கணக்கில் காத்திருந்த பதிவுகள் ஒரு நாளில் முடிகின்றன. பப்மெட்டில் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல் பதிவுகள் சேர்ந்துவிட்ட நிலையில் வேறு வழியும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுருக்கத்தில் சொல்லாமல் உள்ளே மூன்றாவது அட்டவணையில் மட்டும் இருக்கும் பக்கவிளைவு ஒன்று தலைப்பாக ஏறுமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் வேலையில் மேற்கோள் பட்டியலை மென்பொருள்தான் சரிபார்க்கிறது. ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட்டோடு ஒப்பிட்டு, பொருந்தினால் எண் போட்டு இணைப்பு கொடுத்துவிடும். பொருந்தாதவற்றுக்கு ‘இந்த மேற்கோளைச் சரிபார்க்க முடியவில்லை, உறுதிசெய்யவும்’ என்று ஆசிரியருக்கு ஒரு குவெரி தானாக விழும். இப்படி விழுவதில் பழைய மேற்கோள்கள் நிறைய: நாற்பதுகளின் ஜெர்மன் இதழ், நின்றுபோன இந்திய இதழ், மாநாட்டுத் தொகுப்பு. ஆசிரியர்களில் சிலர் பக்கத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பி ‘இருக்கிறது, பாருங்கள்’ என்று சண்டைக்கு வருவார்கள், அவர்களை எனக்குப் பிடிக்கும். நிறையப் பேர் ஒரே சொல்லில் பதில் எழுதுவார்கள்: நீக்கிவிடவும். நீக்கிவிட்டு, பின்னால் வரும் எண்களை எல்லாம் ஒன்று குறைத்து, ப்ரூஃபை அனுப்பிவிடுவோம்.